காலையில் என்ன சாப்பிட்டீங்க? சேலத்து அனுபவங்கள்

அம்மாபேட்டையிலிருந்து:

எங்கள் பகுதியில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும் நாட்களில் உதவிக்குப் போவேன். போன வாரம் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் போடுகிறாராம். "எப்பம்மா போடுற?" என்றேன். "காலைலதான்க்கா, டீயோட."

ஏழு மணிக்குத் தறிக்குப் போக வேண்டும். ஒரு டீ, ரெண்டு வருக்கி, அதோடு மாத்திரை. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் டீயிலுள்ள டானின் அதை உடம்பில் சரியாகச் சேரவிடாது. வருக்கியோ வெறும் மைதா. மதியம் வரைக்கும் வயிற்றில் வேறொன்றும் கிடையாது. உங்கள் பக்கம் பார்த்ததையும் எழுதுங்களேன்.

லீ பஜாரிலிருந்து:

நான் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். விடியற்காலையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு டீ, பன், போண்டாதான். பத்தடி தள்ளிக் கம்மங்கூழ் வண்டி நிற்கிறது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம், மோர் மிளகாய் வைத்துத் தருவார்கள். வயசானவர்கள் மட்டும் அங்கே போகிறார்கள். இளசுகளுக்குக் கூழ் என்றால் இளக்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "அண்ணே, டீக்கடையில கணக்கு உண்டு, சனிக்கிழமை கூலி வாங்கிக் கொடுத்துக்கலாம். கூழ்க்காரம்மாகிட்ட கையில காசு வேணும்" என்றான் ஒரு பையன். கம்பு நல்லது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை!

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் பாட்டி காலத்தில் காலையில் களியோ சாமைச் சோறோ இருக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் பத்து தேறினால் பெரிசு. இப்போது ரேஷன் அரிசிதான், ராத்திரி மிஞ்சிய சோறும் ஊறுகாயும். அரிசியைக் குறை சொல்லவில்லை, அதுவும் இல்லாமல் கிடந்த காலம் உண்டு.

பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேர். அப்பா அம்மா காபித் தோட்டத்துக்கு இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். தம்பி மூன்றாம் வகுப்பு. 2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்ததால் அவனுக்குக் கிச்சடி, பொங்கல், உப்புமா, காய்கறி போட்ட சாம்பார். திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்பு அண்ணன் அவித்த குச்சிக்கிழங்கு ரெண்டு துண்டோடு பஸ் ஏறுகிறான். தம்பி வயிற்றைத் தடவிக் காட்டிக் கேலி செய்வான். கிழங்கில் வயிறு நிறையும், ஆனால் 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராம்தான். ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது.

மறுபடியும் அம்மாபேட்டை:

கடன் கணக்கு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. அந்த ஏற்காட்டுப் பையன் கையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் கொடுத்துவிடச் சொல்லுங்கள், 30 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம். முட்டையைவிட விலையும் குறைவு, அடுப்புப் பற்ற வைக்கவும் வேண்டாம்.

கர்ப்பிணிப் பெண்ணை டீயை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் விடமாட்டார். டாக்டரிடம் கேட்டு, மாத்திரையை மட்டும் ராத்திரிக்கு மாற்றி எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னோம். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.