வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

சென்ற சித்திரையில் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு மதிய விருந்து. பிரிஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய்ப் பச்சடி செய்வது என் பொறுப்பு. பதினொரு மணிக்கே 2 கிலோ காயைத் துருவி, கெட்டித்தயிரும் பாலாடையும் கலந்து, உப்புப் போட்டுத் தாளித்து மூடிவைத்தேன். அப்போது கரண்டியை நட்டால் நிற்கும் பதம்.

ஒன்றரை மணிக்கு இலை போட்டோம். மாப்பிள்ளையின் தாயாருக்கு முதல் கரண்டி வைத்தேன். துருவல் ஒரு பக்கமாக ஒதுங்க, வெளுத்த தண்ணீர் இலையின் நடு நரம்பைப் பிடித்து ஓடி, பிரிஞ்சியை நனைத்து, அவருடைய பட்டுப்புடவையை நோக்கி இறங்கியது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இலையின் ஓரத்தை ஒற்றை விரலால் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த விரல் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

சூரமங்கலத்துக்காரர்

சகோதரி, தண்ணீர் விட்டதை இறுத்துவிடலாம். கசந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. உழவர் சந்தையில் வாங்கிய ஐந்து காய்களில் ஒன்றைச் சுவைத்துப் பார்க்காமல் அரிந்து கலந்துவிட்டேன். காய்ச்சலிலிருந்து எழுந்த என் தந்தை, நான் ஆசையாகச் செய்தேன் என்பதற்காக முகம் சுளிக்காமல் நான்கு வாய் சாப்பிட்டார். ஐந்தாவது வாயை நான் எடுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கடும் கசப்புள்ள வெள்ளரி வயிற்றைக் கெடுக்கும்.

ஏற்காட்டிலிருந்து

முதலில் எழுதிய சகோதரிக்கு: தவறு தயிரில் இல்லை, உப்புப் போட்ட வேளையில் இருக்கிறது. வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். உப்புப் பட்டவுடன் அது வெளியே வந்தே தீரும். தயிருக்குள் வருவதற்கு முன்பே அதை வரவழைத்துவிட வேண்டும்.

என் தந்தை காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றில் சமையல்காரராக இருந்தார். வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்காக அவர் செய்ததை எட்டு வயதில் பார்த்தேன். காயைக் காகிதம்போல் மெல்லிய வில்லைகளாகச் சீவி, அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் பிசிறி, வடிதட்டில் பரப்பி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் அம்மிக் குழவியும் வைத்தார். அரை மணி நேரம் கழித்துக் குழவியை எடுத்தபோது கீழே ஒரு தம்ளர் தண்ணீர் நின்றது. வில்லைகள் கண்ணாடிபோல் துவண்டிருந்தன.

தயிரையும் மெல்லிய துணியில் இரண்டு மணி நேரம் கட்டித் தொங்கவிடுங்கள். ஜெர்மனியில் இப்படிச் சீவிய வெள்ளரியோடு புளித்த பாலேடும் வினிகரும் சதகுப்பைத் தழையும் சேர்ப்பார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது சதகுப்பை விதைதான். அதைத் தழைக்குப் பதிலாகப் போட்டால் மருந்து வாசனைதான் வரும், ஆகவே கொத்தமல்லித் தழையே போதும். வினிகருக்கு எலுமிச்சை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த எங்கள் மலை மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிச் சேருங்கள். உப்பை மறுபடி போடாதீர்கள். காயில் ஏறியதே போதும். இங்கே குளிரில் தயிர் உறையத் தாமதமாகும் என்பதால் முதல் நாள் மாலையே பாலை உறை ஊற்றிவிடுவோம். சேலத்து வெயிலில் அது புளித்துவிடும். நீங்கள் இரவு படுக்கப் போகும்போது ஊற்றினால் சரியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி ஆசிரியை

ஏற்காட்டு ஐயா கூறும் முறை வில்லைகளுக்குப் பொருந்தும். துருவலை அப்படி அழுத்தினால் சக்கைதான் மிஞ்சும்; பச்சடிக்கு வேண்டிய நறுக்கென்ற கடி போய்விடும். முற்றிய காயை இரண்டாகப் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எறிந்தாலே பாதித் தண்ணீர் குறையும். என் தாயார் காயும் தயிரும் தனித்தனியாக வைத்திருந்து, இலை விரித்த பிறகுதான் கலப்பார். ஒருநாள் அவசரத்தில் நான் முன்னதாகக் கலந்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, ஆனால் அன்று அந்தக் கிண்ணத்தைப் பந்திக்கு அனுப்பவே இல்லை. வடிந்த தண்ணீரைக் கொட்டவும் மாட்டார். நீர்மோரில் சேர்த்து இஞ்சி தட்டிப் போடுவார்.

சூரமங்கலத்துத் தம்பி, கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியுமே இருக்கும். தண்ணீர் காணாமல் வெயிலில் வாடிய கொடியில் அது கூடும். நுனியை அரிந்து தேய்த்து நுரை எடுப்பதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு காயின் காம்புப் பக்கத்திலும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

இருவருக்கும் நன்றி. அந்த அம்மாள் இப்போது எங்களுக்குச் சம்பந்தி. இன்று மதியம் சாப்பிட வருகிறார். வில்லைகள் குழவியின் கீழே இருக்கின்றன, தயிர் துணியில் தொங்குகிறது. அவர் இலையில் அமர்ந்த பிறகே கலக்கப்போகிறேன்.