கமர்கட் பல்லில் ஒட்டாமல் கெட்டியாக வர எந்தப் பாகு பதம்?

தென்னங்கீற்று:
பெட்டிக்கடைக் கமர்கட் வாயில் போட்டால் கால் மணி நேரம் கரையாது. ஆனால் நிறைய செய்முறைகளில் "கம்பிப் பதம் வந்ததும் தேங்காயைப் போட்டு உருட்டவும்" என்றுதான் இருக்கிறது. அப்படிச் செய்தால் தேங்காய் பர்பி மாதிரி மெத்தென்று நிற்கிறது, மறுநாள் பிசுபிசுக்கிறது. சரியான பதம் எது? அளவும் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை:
கம்பிப் பதம், அதாவது பாகை விரலிடையே இழுத்தால் கம்பி போல நீளும் நிலை, போதவே போதாது. பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர்தான். பாகு என்ன பதத்தில் இருந்தாலும் தேங்காய் விழுந்ததும் இளகிவிடும். அதனால் பதத்தைத் தேங்காய் போட்ட பிறகுதான் பார்க்கணும்.

பாகு வெல்லம் 250 கிராம், துருவிய தேங்காய் 200 கிராம், தண்ணீர் 50 மில்லி, நெய் 2 டீஸ்பூன், ஏலக்காய் 2. தேங்காயின் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். துருவல் நீளமாக இருந்தால் உருண்டையில் விரிசல் விழும். பிறகு சிறு தீயில் நிறம் மாறாமல் நாலைந்து நிமிடம் வறுத்து ஈரத்தைப் போக்கணும்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், மண் கட்டாயம் இருக்கும். அடிகனமான வாணலியில் கொதிக்கவிட்டு, நுரை பொங்கியதும் தேங்காயைப் போட்டுக் கைவிடாமல் கிளறணும். கலவை ஓரம் விட்டுச் சுருண்டு வரும்போது பலரும் இறக்கிவிடுகிறார்கள், அது பர்பிப் பதம். இன்னும் சில நிமிடம் சிறு தீயிலேயே கிளறுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் கலவையில் ஒரு துளி போட்டு உருட்டி எவர்சில்வர் தட்டில் எறிந்தால் "டங்" என்று கேட்கணும். சத்தம் வந்த நொடியே அடுப்பை அணைத்துவிடுங்கள், தாமதித்தால் கசப்பேறும். நெய், ஏலக்காய் கடைசியில்.

மண்சட்டி:
மேலே சொன்னது முழுக்கச் சரி. தெர்மாமீட்டர் இருந்தால் 125 டிகிரி செல்சியஸ் பக்கம் நிறுத்தலாம். கடலை மிட்டாய்க்கு இதைவிட முறுகிய பாகு வேணும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிசுபிசுப்புக்கு வெல்லமும் காரணமாகலாம். புளித்த, கசிந்த வெல்லத்தில் சர்க்கரை உடைந்துபோயிருக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. மாறாக, சீனி கலந்த வெளிர் மஞ்சள் வெல்லம் ஆறும்போது பூத்து மணல் மணலாகிவிடும்.

தென்னங்கீற்று:
உருட்டி முடிப்பதற்குள் கலவை இறுகிவிட்டால்?

அடுப்பங்கரை:
வாணலியை மறுபடி சிறு தீயில் வைத்து இளக்கலாம், தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள், பதம் போய்விடும். கையில் நெய் தொட்டு, சூடு பொறுக்கும் நிலையிலேயே சின்ன நெல்லிக்காய் அளவுக்கு உருட்டணும். இரண்டு பேர் சேர்ந்து உருட்டினால் வேலை சுலபம். நெய்யை அதிகமாக்கினால் உருண்டை பிடிக்காது.

மண்சட்டி:
நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மேலே கசியும். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி வையுங்கள். தேங்காய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்வதே நல்லது.