மறு: 'மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம்' – அசிட்டைல் ஏற்றம், இறக்கம் என்றால் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

இதயக் கட்டுரையில் வரும் 'post-translational modification' (செல்லில் புரதம் உண்டான பிறகு அதில் நேரும் வேதி மாற்றம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஐயா முன்வைத்த 'மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம்' பாடநூல் வழியில் சரிதான்; மரபணுச் செய்தியைப் படித்துப் புரதம் உண்டாவதைத்தான் உயிரியலில் 'மொழிபெயர்ப்பு' என்கிறார்கள். ஆனால் கட்டுரையின் அந்தப் பத்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்தார்கள்?" என்று கேட்டார். அங்கேயே சொல் தோற்றுவிட்டது.

நடப்பது என்ன? இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாதான். அதன் உள்ளே, அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியைச் சுமக்கும் அசிட்டைல் கோ-ஏ நிறைய இருக்கிறது, காரத்தன்மையும் சற்றுக் கூடுதல். அதனால் நொதி எதுவும் தொடாமலே அசிட்டைல் தொகுதி புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். லைசினின் நேர்மின் தன்மை போய்விடும், புரதத்தின் போக்கும் மாறக்கூடும். இதைக் கழற்றிவிடும் நொதி சர்ட்3. அது வேலை செய்ய என்ஏடி பிளஸ் என்ற துணை மூலக்கூறு வேண்டும். தளர்ந்த இதயத்தில், அதன் இன்னொரு வடிவமான என்ஏடிஎச்சோடு ஒப்பிட்டால் என்ஏடி பிளஸ்ஸின் விகிதம் சரிகிறது, அசிட்டைல் தேங்குகிறது. சர்ட்3 இல்லாத சுண்டெலிகளில் சைக்ளோஃபிலின்-டி என்ற புரதத்தில் இப்படித் தேங்கி, மைட்டோகாண்டிரியாவின் துளை எளிதில் திறந்துகொள்கிறது. அந்தச் சுண்டெலிகளுக்கு வயது ஏற ஏற இதயத் தசை தடித்துப்போகிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன். அசிட்டைல் ஒட்டுவதை 'சேர்ப்பு' என்றால் சேர்க்க ஒருவர் வேண்டும். 'ஏற்றம்' அப்படியல்ல. சுவரில் உப்பு தானாக ஏறுகிறது, லாரியில் மூட்டையை நாம் ஏற்றுகிறோம். தானாக நடந்தாலும் நொதி செய்தாலும் 'ஏற்றம்' பொருந்தும். எதிர்ச்சொல்லும் கையோடு இருக்கிறது: ஏறிய விஷத்தை இறக்குவது போல, சர்ட்3 செய்வது 'அசிட்டைல் இறக்கம்'. அந்த நொதி 'அசிட்டைல் இறக்கி'. 'மின்னேற்றம்' பள்ளியிலேயே பழகியது என்பதால் காதுக்கும் புதிதில்லை.

இந்த மாற்றத்துக்கு 'திரிபு' மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; மரபணுக் கோளாறையும் அப்படிச் சொல்வதுண்டு. இதே கட்டுரையில் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் ஃபிரீட்ரைக் என்ற பரம்பரை நோயும் வருகிறது. அங்கே கோளாறு மரபணுவில். ஃபிராடாக்சின் புரதம் உண்டாவதே குறைவு. இங்கேயோ புரதம் ஒழுங்காக உண்டான பிறகுதான் சிக்கல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், நோயாளியின் வீட்டார் எல்லாமே பரம்பரை என்று பயந்துவிடுவார்கள்.

புரதம் வெட்டுப்படுவதும் இந்த வகைதானே என்று அக்கா கேட்டது நியாயம். அதற்கு 'ஏற்றம்' பொருந்தாது. ஆகவே பொதுச்சொல்லாக 'புரதப் பின்மாற்றம்' இருக்கட்டும். ஏற்றம், இறக்கம், வெட்டு மூன்றும் அதற்குள் வரட்டும். அப்புறம், புரதத்தில் பாஸ்பேட் தொகுதி ஒட்டுவதை 'பாஸ்பேட்டேற்றம்' என்று சேர்த்து எழுதினால் வாயில் நுழையவில்லை. 'பாஸ்பேட் ஏற்றம்' என்று பிரித்தே எழுதலாமா?

அன்புடன்