கர்ல் வரியைப் புதியவர்களுக்குக் காட்டலாமா?

சனிக்கிழமை_வாத்தியார் · சனி, இரவு 9.40

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய மடிக்கணினிகள், டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை), பத்துப் பன்னிரண்டு பேர்.

இன்று ஒரு தம்பிக்குப் புது நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) தேவைப்பட்டது. ஏதோ ஒரு வலைப்பக்கத்தில் இருந்த ஒற்றை வரியை எடுத்து டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டிவிட்டான். கர்ல் என்ற இறக்கும் கட்டளை ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, கோப்பாக வைக்காமல் பைப் வழியாக நேரே சூடோ பாஷிடம், அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்டும் நிரலிடம், கொடுக்குமே, அந்த மாதிரி வரி. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தான். பாதியில் வைஃபை அறுந்தது.

ஸ்கிரிப்ட் முதல் வேலையாக இருந்த நோடை நீக்கிவிட்டது. அடுத்து, மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று குறித்துவைக்கும் சோர்ஸஸ்.லிஸ்ட்.டி அடைவில் ஒரு புதுக் கோப்பை எழுதியது. அந்த இடத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியை இறக்கப் போன இடத்தில் நின்றுவிட்டது. பழையதும் போய்விட்டது, புதியதும் வரவில்லை. வைஃபை திரும்பி வந்த பிறகும், ஆப்ட் (டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவி) அப்டேட் கொடுத்த போதெல்லாம் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பிழை. அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து அழித்து, பழைய நோடை மறுபடி போடுவதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வரியைப் புதியவர்கள் கண்ணில் காட்டவே கூடாது. அவர்களுக்கு ஆப்ட் ஒன்றே போதும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கெப்பல்_காற்று · சனி, இரவு 10.15

எனக்கு மாற்றுக் கருத்துதான் சார். டெபியன் 12-இல் ஆப்ட் கொடுப்பது நோட் 18. அதை உருவாக்குகிறவர்களே 2025 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பாடத்துக்குப் புதியது வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால் அந்தத் தம்பி என்ன செய்வான்? "ஆப்ட் ஒன்றே போதும்" என்று கதவைச் சாத்தினால் அடுத்த வாரம் விண்டோஸுக்குத் திரும்பிவிடுவான். அப்படித் திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரஸ்ட் மொழியின் அதிகாரப்பூர்வத் தளமே கர்ல் வரியைத்தான் முதலில் காட்டுகிறது. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவியைப் போடுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். உலகமே செய்வதைப் புதியவனிடம் மட்டும் மறைப்பது அவனைச் சின்னப் பிள்ளையாக நடத்துவது. எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) இருக்கும்போது வழியில் யாரும் கை வைக்கவும் முடியாது.

பாயா_லேபார்_அக்கா · சனி, இரவு 10.52

எச்டிடிபிஎஸ் பாதுகாப்பது பாதையை மட்டும்தான் தம்பி. புறப்பட்ட இடத்திலேயே கெட்டுப்போயிருந்தால் கெட்டது பத்திரமாக உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

ஆப்ட் செய்வதைக் கொஞ்சம் பாருங்கள். ரெப்போவில், அதாவது மென்பொருள் கிடங்கில், இன்ரிலீஸ் என்று ஒரு கோப்பு. அதில் டெபியனின் கையொப்பம். அந்தக் கோப்புக்குள் தொகுப்புப் பட்டியலின் ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை மாதிரி ஓர் எண்), பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் கோப்பின் ஹாஷ். ஒன்று தப்பினாலும் ஆப்ட் நிறுவ மறுத்துவிடும். அதனால்தான் சிங்கப்பூர் மிரரில் (நகல் சேவையகத்தில்) இறக்கினாலும் ஜெர்மனி மிரரில் இறக்கினாலும் எனக்கு ஒன்றுதான். மிரரை நடத்துகிறவரை நான் நம்பத் தேவையே இல்லை. 2007-இல் வந்த டெபியன் 4-இலிருந்து இது இருக்கிறது.

கர்ல் வரியில் அப்படி ஒரு சோதனையும் கிடையாது. 2021-இல், நிரல்களின் சோதனை அறிக்கை தரும் கோட்கவ் நிறுவனத்துக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். அவர்களுடைய பாஷ் ஸ்கிரிப்டைப் பலர் இப்படித்தான் இறக்கி உடனே ஓட்டினார்கள். ஜனவரி 31-இலிருந்து யாரோ அதை மாற்றி வைத்து, ஓட்டியவர்களின் ரகசியச் சாவிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 1 வரை யாருக்கும் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் ஹாஷை ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை, விஷயம் வெளியே வந்தது. ஆப்ட் ஒவ்வொரு முறையும் தானாகச் செய்கிற அதே சோதனையை இரண்டு மாதம் கழித்து ஒரு மனிதர் கையால் செய்தார்.

கெப்பல்_காற்று · சனி, இரவு 11.20

அக்கா, கையொப்பம் யார் கொடுத்தது என்று சொல்லும். கொடுத்தது நல்லதா என்று சொல்லாது. 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0 பதிப்புக்குள் பின்கதவு வைத்தார்களே, அது முறைப்படி கையொப்பத்தோடுதான் டெபியன் அன்ஸ்டேபிளுக்கு, அதாவது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்புக்கு, வந்தது.

ஆப்டும் கணினியைக் கெடுக்கும். 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப் போனார். தொகுப்பில் கோளாறு, ஆப்ட் டெஸ்க்டாப்பையே நீக்கிவிட்டது.

பாயா_லேபார்_அக்கா · சனி, இரவு 11.41

நீக்குவதற்கு முன் என்னென்ன போகும் என்று ஆப்ட் பட்டியல் போட்டது. "ஆம், நான் சொன்னபடி செய்" என்ற முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டச்சு செய்தார். தப்பு தொகுப்பில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்க ஓர் இடம் கிடைத்தது. வகுப்பில் அந்தத் தம்பிக்கு அந்த இடம் கிடைத்ததா?

எக்ஸ்இசட் கதையை நீங்களே எடுத்தது நல்லது. டெபியன் 12-இல் அன்றைக்கு இருந்தது 5.4.1. பின்கதவு ஸ்டேபிளுக்கு, அதாவது நாம் போடும் நிலையான பதிப்புக்கு, வரவே இல்லை. பழசு பழசு என்று நீங்கள் குறை சொல்கிற அந்தத் தாமதம்தான் காப்பாற்றியது.

கெப்பல்_காற்று · ஞாயிறு, காலை 8.05

காப்பாற்றியது ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்கிற ஒரே மனிதர், அக்கா. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று அவர் தோண்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு நாள் ஸ்டேபிளுக்கு வந்திருக்கும். தாமதம் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஏற்கிறேன்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரஸ்ட் ஸ்கிரிப்ட் சூடோ கேட்பதில்லை, எல்லாவற்றையும் பயனரின் சொந்த ஹோம் அடைவிலேயே வைக்கும். சூடோ கேட்கும் வரி வேறு, கேட்காத வரி வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

பாயா_லேபார்_அக்கா · ஞாயிறு, காலை 8.30

சூடோ இல்லாவிட்டால் கணினி பிழைக்கும், சரி. ஆனால் அந்தத் தம்பியின் படங்கள், எஸ்எஸ்எச் சாவி, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? அதே ஹோம் அடைவில். டெபியனை அரை மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிடலாம். அவன் அம்மாவின் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது.

பாலி_மாணவன் · ஞாயிறு, காலை 11.10

அந்தத் தம்பி நான்தான். வகுப்பு நேரத்தை வீணாக்கியதற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் சார். நோட் 20 வேண்டும் என்று உங்களிடம் முதலில் கேட்டேன். "ஆப்டில் இருப்பதே போதும்" என்றீர்கள். செவ்வாய்க்கிழமை புராஜெக்ட் கொடுக்க வேண்டும், 18-இல் அது ஓடவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால்தான் தேடினேன். ஆப்ட் போடும்போது இத்தனை எம்பி பிடிக்கும், தொடரவா என்று கேட்கும், நான் நிறுத்திப் படிப்பேன். இந்த வரி கடவுச்சொல் மட்டும் கேட்டது. அதையும் ஆப்ட் கேட்கிற மாதிரிதான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை_வாத்தியார் · ஞாயிறு, நண்பகல் 12.25

தம்பி, நீ கேட்டதும் நான் அப்படிச் சொன்னதும் உண்மை. வழி காட்டாமல் தடுத்தது என் தப்பு. டெபியன் 13-இல் ஆப்டிலேயே நோட் 20 இருக்கிறது, அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாளை மாலை மடிக்கணினியோடு வா, உட்கார்ந்து மாற்றிவிடுவோம். முதலில் உன் கோப்புகளை வேறு டிரைவில் நகல் எடுத்துக்கொள்.

கெப்பல்_காற்று, உங்கள் பேச்சில் பாதியை ஏற்கிறேன். கர்ல் வரியை இனி மறைக்க மாட்டேன். ஆனால் பைப் போட்டுக் காட்ட மாட்டேன். கோப்பாக இறக்கு, லெஸ் (கோப்பைத் திரையில் காட்டும் கட்டளை) போட்டுப் படி, அப்புறம் ஓட்டு.

கெப்பல்_காற்று · ஞாயிறு, பிற்பகல் 1.02

படித்தால் புரியுமா சார்? முந்நூறு வரி ஷெல் ஸ்கிரிப்ட், மூன்று மாத மாணவன். படித்தோம் என்ற நிம்மதிதான் மிஞ்சும். அதைவிட எந்தத் தளத்தை நம்பலாம் என்று கற்றுக்கொடுப்பது மேல். இந்த இடத்தில் நான் மாறப்போவதில்லை.

பாலி_மாணவன் · ஞாயிறு, இரவு 9.18

அந்த ஸ்கிரிப்டை ஓட்டாமல் கோப்பாக இறக்கிப் படித்தேன். முழுவதும் புரியவில்லை. ஆனால் 41-ஆம் வரியில் ஆப்ட் ரிமூவ் இருக்கிறது, பக்கத்திலேயே மைனஸ் ஒய். கேட்காமலே நீக்கியது அதனால்தானா? சாவியை இறக்குவது 58-இல்தான் வருகிறது. 63-இல் ஈவல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் இன்னொரு கர்ல். அக்கா, அது என்ன செய்யும்?