கடைசி வரிசையில் 15, 14 என்று மாறி நிற்கிறது: பிழை ஆடுபவரிடமா, கணினியிடமா?

மல்லாவி வாசகன் எழுதியது:

எமது கிராமத்து வாசிகசாலையிலுள்ள பழைய கணினியில், முன்னர் இங்கு படித்த மாணவர் ஒருவர் எழுதிவைத்த எண் நகர்த்தும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. நான்குக்கு நான்கு கட்டத்தில் 1 முதல் 15 வரையான கட்டைகள் கலைந்து கிடக்கும். எஞ்சிய ஒரு வெற்றிடத்தைப் பயன்படுத்தி அவற்றை வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். சில ஆட்டங்கள் ஒழுங்காக முடிகின்றன. வேறு சிலவற்றில் மேல் மூன்று வரிசைகளும் சரியாக அமைந்த பின்னரும் கடைசி வரிசை 13, 15, 14 என்றே நின்றுவிடுகிறது. எவ்வளவு சுற்றினாலும் மாறுவதில்லை. பொறுமை போதாது என்று பெரிய பிள்ளைகள் சின்னவர்களைக் கேலி செய்கிறார்கள்.

அதே விளையாட்டில் எண்களுக்குப் பதிலாக இரணைமடுக் குளத்தின் படத்தைத் துண்டுகளாக்கி ஆடும் வசதியும் உண்டு. அதில் வேறொரு புதினம்: சில வேளைகளில் படம் முழுமையாகச் சேர்ந்துவிட்டதாகவே தெரிகிறது, ஆனால் ஆட்டம் நிறைவுற்றது என்ற அறிவிப்பு வருவதில்லை. ஒருவருக்கு அரை மணிநேரம் என்று முறைவைத்தே கணினியைக் கொடுக்கிறோம் என்பதால், முடியாத ஆட்டத்தை முதலிலேயே அடையாளம் காண வழியிருந்தால் அறியத்தாருங்கள்.

புதுக்குடியிருப்புக் கணித ஆசிரியர் எழுதியது:

தம்பி, பிள்ளைகளைக் கேலி செய்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த நிலையை உலகில் எவராலும் தீர்க்க முடியாது.

கட்டத்தைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி நிறம் தீட்டியிருப்பதாக எண்ணுங்கள். ஒவ்வொரு நகர்விலும் வெற்றிடம் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்குப் போகிறது. ஆகவே அது புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்திருந்தால், நடந்த நகர்வுகளின் தொகை கட்டாயம் இரட்டை எண்ணாகவே இருக்கும். ஒவ்வொரு நகர்வும் ஒரு கட்டையும் வெற்றிடமும் இடம் மாறுவதுதான். 14ஐயும் 15ஐயும் மட்டும் மாற்றுவதோ ஒரேயொரு இடமாற்றம், அதாவது ஒற்றை. இரட்டை எண்ணிக்கையான இடமாற்றங்களால் ஒற்றையான ஒன்றை ஒருபோதும் உண்டாக்க முடியாது.

இதனால் சாத்தியமான அடுக்குகளில் சரிபாதிக்கு விடையே இல்லை. மொத்த அடுக்குகள் 20,922,789,888,000. அவற்றில் தீர்க்கக்கூடியவை 10,461,394,944,000. ஜோன்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879 இல் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் இதை விளக்கிவிட்டார்கள். நியூயோர்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரில் தபாலதிபராக இருந்த நோயெஸ் சப்மன் உருவாக்கிய இந்த விளையாட்டு, 1880 இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பித்துப்பிடிக்க வைத்தது. பின்னாளில் சாம் லொயிட் என்பவர் அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு, 14உம் 15உம் மாறிய நிலையைத் தீர்ப்பவருக்கு 1000 டொலர் பரிசு என்றும் அறிவித்தார். கணிதம் தெரிந்த மனிதர். காசு கைவிட்டுப் போகாது என்று நன்றாகத் தெரிந்தே அறிவித்திருக்கிறார்.

ஆட்டத்தைத் தொடங்குமுன் சோதிக்க வேண்டுமென்றால், வெற்றிடத்தை விட்டுவிட்டு எண்களை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எழுதுங்கள். பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னுமாக வரும் சோடிகள் எத்தனை என்று எண்ணுங்கள். வெற்றிடம் கீழிருந்து முதலாம் அல்லது மூன்றாம் வரிசையில் இருந்தால் அத்தொகை இரட்டையாகவும், இரண்டாம் அல்லது நான்காம் வரிசையில் இருந்தால் ஒற்றையாகவும் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தைக் கைவிடலாம்.

வவுனியா நிரலாளர் எழுதியது:

ஆசிரியர் கூறிய விதி சரியானது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் கடதாசியில் சோடி எண்ணிக்கொண்டிருந்தால் அந்த அரை மணிநேரம் அதிலேயே போய்விடும். அந்தக் கணக்கைக் கணினியே செய்யட்டும். எண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எழுந்தமானமாகப் போட்டுவிட்டார் என்பதே நிரலை எழுதியவரின் குறை. அப்படிச் செய்தால் இரண்டில் ஓர் ஆட்டம் தீராத ஆட்டமாகவே அமையும்.

திருத்துவது எளிது. கலைத்த பின் மேற்சொன்ன சோதனையை நிரலில் சேர்த்து, அடுக்கு தவறான பாதியில் விழுந்திருந்தால் ஏதேனும் இரு கட்டைகளை, வெற்றிடத்தைத் தொடாமல், இடம் மாற்றிவிடுங்கள். உடனே தீர்க்கக்கூடிய அடுக்காகிவிடும். முடிந்த நிலையிலிருந்து விதிப்படியே நகர்த்திக் கலைப்பது மற்றொரு வழி. ஆனால் நகர்வுகள் சிலவாக இருந்தால் ஆட்டம் சப்பென்று முடிந்துவிடும் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மூலக்கோப்பு கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மல்லாவி வாசகன் எழுதியது:

மூலக்கோப்பு இருந்தது, அண்ணா சொன்னபடியே திருத்தினோம். எண் ஆட்டங்கள் இப்போது எல்லாமே முடிகின்றன. ஆனால் படத்தில் இன்னமும் சில வேளைகளில் கடைசி இரு துண்டுகள் மாறியே நிற்கின்றன. திருத்திய பின்னும் இது எப்படி நடக்கிறது?

புதுக்குடியிருப்புக் கணித ஆசிரியர் எழுதியது:

அந்தப் படத்தின் மேற்பகுதியில் வெறும் வானம் இருக்கிறதல்லவா? வானத் துண்டுகள் இரண்டு எங்கள் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும், கணினியிடம் அவற்றுக்கு வெவ்வேறு இலக்கங்கள் உள்ளன. பிள்ளை அவ்விரண்டையும் தெரியாமல் மாற்றி அமர்த்திவிட்டால் அங்கேயே ஓர் இடமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. அதற்கு ஈடாக இன்னொரு சோடி எங்காவது மாறித்தான் ஆக வேண்டும், அது கடைசி வரிசையில் வந்து நிற்கிறது. கீழ் வரிசையோடு மல்லுக்கட்டாமல் மேலே போய் அந்த இரு வானத் துண்டுகளையும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால், கீழே இருப்பதும் சரியாக வந்துவிடும்.

முன்னர் படம் முழுமையாகத் தெரிந்தும் அறிவிப்பு வராமல் இருந்ததற்கும் இதுவே காரணம். அப்போது அடுக்கே தீராத பாதியைச் சேர்ந்ததாக இருந்திருக்கும். வானத் துண்டுகள் மாறி அமர்ந்ததால் அந்த ஒற்றை இடமாற்றம் அவற்றுக்குள் மறைந்து, கண்ணுக்குப் படம் நிறைந்துவிட்டது. கணினி இலக்கத்தைப் பார்ப்பதால் அது ஏமாறவில்லை. ஒன்றுபோன்ற துண்டுகள் மூன்று இருந்தால், அவை தமக்குள் சுழன்று நின்று, திருத்திய நிரலிலும் இதே நிலை வரலாம்.

வவுனியா நிரலாளர் எழுதியது:

அருமையான விளக்கம், சேர். மல்லாவித் தம்பிக்கு ஒரு சிறு வேலை மட்டும் மிச்சம்: ஒவ்வொரு படத்துண்டின் மூலையிலும் அதன் எண்ணைச் சிறிதாக அச்சிடும்படி நிரலை மாற்றலாம். எண் தெரிவது பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால், வானம் குறைந்த படமாகத் தேர்ந்தெடுங்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்திருக்கும் வேளையில் கிட்ட நின்று எடுத்த படமானால் பதினைந்து துண்டுகளும் வேறுவேறாகத் தெரியும்.