சூடானதும் அணையும் வண்டி: டேப்பெட்டா, காயிலா?

இன்ஜின் ஹெட் (மேல்பகுதி) வேலை முடிந்து வந்த என் பைக், ஏற்றத்தில் சூடானதும் அணைந்துவிடுகிறது. 2013 மாடல், 150 சிசி, கார்புரேட்டர் வண்டி. புகை தள்ளியதால் போன மாதம் வால்வு, பிஸ்டன் ரிங், டைமிங் செயின் மூன்றையும் மாற்றினேன்.

ஞாயிறு காலை நண்பர்களோடு நான்கு வண்டிகளில் கோவையிலிருந்து வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு வரை வெண்ணெய் மாதிரி ஓடியது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் இழுவை குறைந்து, ஒன்பதாவது வளைவில் நின்றேவிட்டது. நல்லவேளை, அது லோம்ஸ் வியூ பாயிண்ட். மற்றவர்கள் அணையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் கிக்கர் மிதித்துக்கொண்டிருந்தேன். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கியது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒரே மிதியில் ஸ்டார்ட். அப்புறம் நாலைந்து வளைவு தாண்டியதும் மறுபடி அதே கதை. மொத்தம் 40 வளைவில் மீதியை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

புது பிளக் போட்டாயிற்று. கார்புரேட்டர், பெட்ரோல் ஃபில்டர் சுத்தம் செய்தாயிற்று. டேங்க் மூடியைத் திறந்து வைத்தும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. வெயிலில் பிளக் பொறி சரியாகத் தெரியவில்லை. வீட்டில், வண்டி ஆறியிருக்கும்போது நீலமாகவே அடிக்கிறது.

மெக்கானிக், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றச் சொல்கிறார். கிக்கர் லேசாவதைப் பார்த்தால் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) இறுக்கமாக வைத்து, சூடானதும் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அடுத்த சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். இந்த அறிகுறிக்கு முதலில் எதைச் சரிபார்ப்பீர்கள்?