டிஎம்ஏ பஃபரில் 64 பைட் துண்டுகளாகப் பழைய தரவு: உதவி தேவை

பிசிஐஇ தரவுசேகரிப்பு அட்டை ஒன்றுக்கு நான் எழுதிவரும் லினக்ஸ் டிரைவர் எக்ஸ்86 கணினியில் பிழையின்றி இயங்குகிறது. ஆனால் கெர்னல் 6.1 ஓடும் 64 பிட் ஆர்ம் போர்டில் அதே அட்டையைச் செருகினால், அட்டை டிஎம்ஏ வழியாக (சிபியுவின் தலையீடின்றி நேரடியாக நினைவகத்தில்) எழுதி முடித்து இன்டரப்ட் வந்த பின்னரும், சிபியு படிக்கும் பஃபரில் ஆங்காங்கே முந்தைய சுற்றின் தரவே கிடக்கிறது. பழுதான துண்டு ஒவ்வொன்றும் 64 பைட் எல்லையில் தொடங்கி அதே அளவில் முடிவதால், இது கேஷ் லைன் (சிபியு கேஷ் ஒரே அலகாகக் கையாளும் நினைவகத் துண்டு) சிக்கல் என்றே கருதுகிறேன்.

டிஎம்ஏ மாஸ்க்கை (அட்டை எட்டக்கூடிய முகவரி வரம்பை) 32 பிட்டாக்கிப் பார்த்தேன். டிஎம்ஏ டீபக் வசதியை இயக்கியும் எச்சரிக்கை ஏதும் வரவில்லை. படிக்கும் முன், கேஷில் உள்ள பழைய நகலை நீக்க வேண்டிய, சிபியுவுக்கான சிங்க் அழைப்பைச் சேர்த்தும் பயனில்லை. கோஹெரண்ட் முறையில் (சிபியுவும் அட்டையும் ஒரே தரவைக் காணும்படி) ஒதுக்கிய நினைவகத்திலும் இதே நிலைதான் என்பது முதலில் விளங்கவில்லை. வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைத் திறந்த பிறகே, பிசிஐஇ கன்ட்ரோலருக்கு ‘டிஎம்ஏ-கோஹெரண்ட்’ பண்பு (அது சிபியு கேஷைக் கவனித்தே எழுதும் என்ற அறிவிப்பு) இடப்பட்டிருப்பதைக் கண்டேன். அது உள்ளவரை கெர்னல் சாதாரண கேஷ் நினைவகத்தையே ஒதுக்கும், சிங்க் அழைப்பில் கேஷைத் தொடவும் செய்யாது. கேஷைக் கவனிக்காமல் எழுத அட்டைக்கு அனுமதி தரும் நோ-ஸ்னூப் பிட்டை அணைத்தும் மாற்றமில்லை. டிவைஸ் ட்ரீ கையொப்பமிட்ட ஃபர்ம்வேருடன் வருவதால் அந்தப் பண்பை என்னால் நீக்கிப் பார்க்க இயலவில்லை.

டிவைஸ் ட்ரீயை மாற்றாமலே, இந்தக் கன்ட்ரோலர் உண்மையில் சிபியு கேஷைக் கவனித்துத்தான் எழுதுகிறதா என்பதை உறுதிசெய்ய வழி உண்டா?